விவரமாகச் சொன்னவள்

அக்கா,

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலையில் உங்கள் மருமகள் எங்கள் வீட்டு கேட்டைத் தட்டினாள். கையில் ஏதோ ஜவுளிக்கடைத் துணிப்பை. உள்ளே உங்கள் ஜெப நோட்டு. பையைப் பிரித்ததுமே நீலகிரித் தைலத்தின் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. உங்கள் வாடைக்கு இன்னும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

"அத்தை உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க ஆன்ட்டி. ட்ரெயின்ல எல்லாரும்கூட இனிமே நீங்கதான் எழுதணும்னு சொல்றாங்களாம்" என்றாள். சிட்லபாக்கம் ஏரிப் பக்கமிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தாள். மோர் கொடுத்தேன். அவள் போன பிறகு நோட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். உங்களை எதிரில் வைத்து உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

ஆகவே எழுதுகிறேன். இது அஞ்சலி என்று நினைத்துவிடாதீர்கள். அஞ்சலியை உங்கள் அடக்கத்தன்றே முடித்துவிட்டேன். "எங்களுக்காகத் தினமும் முழங்கால் போட்ட அக்கா" என்று மைக்கில் சொன்னேன், நாலு பேர் மூக்கைச் சிந்தினார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வேறு என்ன சொல்ல முடியும்? மைக் இல்லாமல் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது.

முதல் நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. பீச் ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஆபீசில் தபால் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். சானடோரியத்தில் ஏறினால் பீச் வரை நின்றுகொண்டேதான் போகவேண்டும். அதனால் எங்கள் பக்கத்து ஜனம் செய்கிற காரியத்தையே நானும் செய்தேன்: எதிர்த்திசையில் வருகிற ரயிலில் ஏறி, ஒரு ஸ்டேஷன் பின்னால் தாம்பரம் வரை போய், அது திரும்புகிறபோது உட்கார்ந்தபடியே வருவது. அன்றைக்கு அந்தத் தந்திரமும் பலிக்கவில்லை. லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஒரு சீட்டுக்கு இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஜன்னலோரத்திலிருந்து கையைக் காட்டினீர்கள். பக்கத்தில் கர்ச்சீஃப் போட்டு வைத்திருந்த இடம். "வா, உக்காரு. முகமே சரியில்லையே, வீட்ல என்ன?" என்றீர்கள்.

அம்மா செத்ததிலிருந்து என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. பல்லாவரம் வருவதற்குள் மாமியாரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கிண்டி வருவதற்குள் வீட்டுக்காரரைப் பற்றி. முன்பின் தெரியாத பெண்மணியிடம், அரை மணி நேரத்தில், கல்யாணமான நாள் முதல் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு இறங்கினேன். நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை. அந்த லேசுக்காக அடுத்த பதினாறு வருஷம் உங்கள் கர்ச்சீஃப் மேல் உட்கார்ந்தேன்.

எட்டுப் பத்துப் பேர் நாம். எழும்பூரில் இறங்குகிற நர்ஸ் இரண்டு பேர், பார்க் டவுன் வங்கிக்காரி, கோட்டையில் இறங்குகிற இரண்டு டைப்பிஸ்ட், இன்னும் சிலர். கோயிலுக்குப் போகிற நம்ம சரஸ்வதிகூட மகனுடைய பரீட்சைக்கு உங்களிடம்தான் ஜெபம் கேட்பாள். தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வரை விண்ணப்பங்களை நோட்டில் எழுதிக்கொள்வீர்கள். பரங்கிமலையிலிருந்து எழும்பூர் வரை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி, ரயில் சத்தத்துக்கு மேலே சத்தமாக ஜெபிப்பீர்கள். கேட்டால் யாருக்கும் உருகும். எனக்கும் உருகியது. உங்கள் ஜெபத்தில் பாசாங்கு இருந்ததாக இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் அந்தத் தாம்பரம் முதல் பரங்கிமலை வரைதான். யாராவது "குடும்பத்துல சமாதானம் வேணும்க்கா" என்று பட்டும்படாமல் சொன்னால் பேனாவை நிறுத்திவிடுவீர்கள். "விவரமா சொன்னாத்தாம்மா விவரமா ஜெபிக்க முடியும்" என்பீர்கள். தலையை லேசாகச் சாய்த்து, அந்தத் தைலக் கர்ச்சீஃபை மூக்கில் வைத்துக்கொண்டு காத்திருப்பீர்கள். எட்டுத் தலைகளும் உங்கள் பக்கம் சாயும். யார் வாயைத்தான் மூடி வைத்திருக்க முடியும்? ஊர் வம்பு பேசுகிறவர்களுக்காவது உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தும். நமக்கு அதுவும் கிடையாது. முடிவில் ஆமென் போட்டுவிட்டோம் அல்லவா?

அந்தப் பழக்கம் எனக்குள் எப்படி வேலை செய்தது என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. வீட்டில் ஒரு காரியம் நடந்து முடிவதற்குள் அதை உங்களிடம் சொல்வதற்கான வாக்கியம் என் மனசில் தயாராகிவிடும். காப்பியில் சர்க்கரை தூக்கல் என்று இவர் கத்திக்கொண்டிருப்பார். நான் பதிலே சொல்லாமல், "அக்கா, நேத்து இவர் என்ன பண்ணினார் தெரியுமா" என்று உள்ளே ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கேயே அப்போதே "அடுத்த டம்ளரை நீங்களே போட்டுக்குங்க" என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு தீர்ந்திருக்கும். தீர்த்துவிட்டால் உங்களிடம் கொண்டுவர என்ன இருக்கும்? சின்னச் சண்டையைப் பெரிதாக்கிக்கூட எடுத்து வந்திருக்கிறேன். வெறுங்கையோடு வந்த நாட்களில் உங்கள் கவனம் நர்ஸ் பக்கம் திரும்பிவிடும். அது எனக்குப் பொறுக்காது.

இவர் ஒருமுறை சொன்னார்: "நம்ம வீட்டு சமாச்சாரம் எனக்கே லேட்டாத்தான் தெரியுது. ட்ரெயின்ல வர்றவங்களுக்கு முதல்ல தெரிஞ்சிடுது." அதையும் அடுத்த நாள் உங்களிடம் சொன்னேன். 'கிரேஸ் கணவருடைய கடின இருதயம்' என்று எழுதிக்கொண்டீர்கள்.

இனி ஷெரின் விஷயம். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

என் ஒரே மகள். ஊரப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஸ்டேஷன் பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கிறாள். மாமியாரும் கூடவே இருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஆபீசுக்கு போன் பண்ணினாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றாள். குரல் சிரித்தது. "அம்மா, டாக்டர் பார்க்கிற வரைக்கும் யாருக்கும் வேண்டாம். அத்தைகிட்ட நானே நேரம் பார்த்து சொல்லிக்கிறேன்." சரி என்றேன். மறுநாள் காலை தாம்பரத்தில் வண்டி கிளம்புவதற்கு முன்பே உங்களிடம் சொல்லிவிட்டேன்.

பத்தாவது வாரத்தில் அது கலைந்துவிட்டது. மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நமக்குள்ளேயே இருக்கட்டும்மா. அத்தைக்குத் தெரிஞ்சா ஆயிரம் கேள்வி வரும், இப்ப எனக்குத் தெம்பு இல்ல" என்று அழுதாள். அதையும் கொண்டுவந்தேன், அக்கா. மறுநாளே. நீங்கள் கேட்காமலேயே வாரம், தேதி, டாக்டர் சொன்னது எல்லாம் விவரமாகச் சொன்னேன். அன்றைக்கு நீங்கள் செய்த ஜெபத்தில் மொத்தப் பெட்டியும் அழுதது. என் தோளைத் தடவிக் கொடுத்தீர்கள். மகளுடைய துக்கத்தைக் கொடுத்து எனக்கு ஆறுதல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஷெரினும் அவள் மாமியாரும் பல்லாவரம் சந்தைக்குப் பூந்தொட்டி வாங்கப் போயிருக்கிறார்கள். நம் பெட்டியில் கூடை வைத்துக்கொண்டு கொய்யாப்பழம் விற்பாளே, குப்பம்மா, அவள் ஷெரினைப் பார்த்துவிட்டாள். எப்போதோ ஒருமுறை என்னோடு வந்ததை நினைவு வைத்திருந்தாள். நேரே வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "கிரேசம்மா பொண்ணுதானே நீ? வயித்துல நிக்கலன்னு அன்னிக்கு ட்ரெயின்ல அவ்ளோ அழுதுகினு ஜெபம் பண்ணாங்கம்மா. நானும் வேண்டிக்கினேன். இன்னா பண்றது, சின்ன வயசுதான் கீது உனுக்கு, மறுபடி தங்கும்" என்றிருக்கிறாள். பிறகு அவளே பெட்டியில் என்னிடம் இதைச் சொன்னாள். குப்பம்மா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பெட்டியில் நிஜமாகவே ஜெபித்தவள் அவளாகத்தான் இருக்கும். கையில் தொட்டியோடு பக்கத்தில் நின்ற மாமியாருக்கு அந்த நிமிஷம்தான் எல்லாமே தெரிந்தது.

சந்தையிலிருந்தே ஷெரின் போன் பண்ணினாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "யாரும்மா அவங்க?" என்று மட்டும் கேட்டாள். போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பேச்சை நிறுத்தவில்லை அவள். அதுதான் கொடுமை. ஒவ்வொரு ஞாயிறும் போன் வரும். என்ன சமையல், உங்கள் பக்கம் மழையா, அப்பா மாத்திரை போட்டாரா. அவள் ஆபீசில் வேறு வேலைக்கு மாறியதை மாப்பிள்ளை வாயால் அறிந்தேன். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்திருந்ததை அறியவே இல்லை. ட்ரெயினில் ஒருமுறை பார்த்த சரஸ்வதியிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசினாள். பெற்றவள் உயிரோடு இருக்கும்போதே பெண்ணுக்கு நான் ட்ரெயினில் வருகிற ஓர் ஆன்ட்டி ஆகிவிட்டேன்.

உங்களிடம் சண்டைக்கு வந்தேனே, அந்தத் திங்கட்கிழமை. "அக்கா, ஏன் அதைச் சத்தமா ஜெபிச்சீங்க? நேத்து போன்ல என் பொண்ணு யாரோ மாதிரி பேசறா" என்று நின்றபடியே கேட்டேன். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை உங்களுக்கு. "பாவம், பிள்ளைக்கு ரொம்பக் கோபம் வந்திருக்கு. உக்காரு" என்றீர்கள். நோட்டைத் திறந்து 'ஷெரின், கோபம் தணிய' என்று எழுதினீர்கள். பேனா மூடியை வாயில் கடித்துக்கொண்டு, "போன்ல வேற என்ன சொன்னா?" என்றீர்கள்.

அந்த நோட்டைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்து, போனில் வேறு என்ன சொன்னாள் என்று சொன்னேன்.

விட முயற்சி செய்யாமல் இல்லை. நாலு நாள் முந்தைய வண்டியைப் பிடித்தேன், பொதுப் பெட்டியில், ஆண்களின் முழங்கைகளுக்கு நடுவே. முதல் நாள் பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் தலைவலி. மூன்றாம் நாள் ஆபீசில் ஒரு காரணமும் இல்லாமல் பியூன் மேல் எரிந்து விழுந்தேன். குடியை விட்டவர்களுக்குக் கை நடுங்கும் என்பார்கள். எனக்கு நாக்கு. சொல்லாமல் வைத்திருந்த ஒவ்வொன்றும் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. ஐந்தாம் நாள் சானடோரியத்தில் என் கால் தானாகவே பழைய வண்டியில் ஏறியது. நீங்கள் கர்ச்சீஃபை எடுத்தீர்கள். "நாலு நாளும் போட்டு வச்சிருந்தேன் உனக்கு" என்றீர்கள். அன்று என் மகளைப் பற்றி மட்டும் பேசக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டு ஏறினேன். மீனம்பாக்கத்தோடு சத்தியம் முடிந்தது.

உங்களுக்கும் இது பிடித்த நோய்தான் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ரிட்டயர் ஆன பிறகும் சீசன் டிக்கெட் எடுத்து, தினம் பீச் வரை வந்து, இறங்காமல் அதே வண்டியில் தாம்பரம் திரும்புவீர்களே! "ஊழியம்" என்றீர்கள். ஆறு வருஷம். எங்கள் கதை கேட்காமல் உங்களுக்குப் பொழுது விடியாது.

பிறகு ஒரு வாரம் நீங்கள் வரவில்லை. அடுத்த வாரம் உங்கள் மருமகள் போன் செய்து அடக்க ஆராதனைக்கு நேரம் சொன்னாள். கணையத்தில் புற்றுநோய், எட்டு மாதமாக. எங்கள் எட்டுப் பேரில் ஒருத்திக்கும் தெரியாது. நாலு நாள் ஆஸ்பத்திரி, ஐந்தாம் நாள் ரயில் என்றுகூட இருந்திருக்கிறீர்கள். "மூட்டு வலி டாக்டர்" என்றீர்கள், நம்பினோம். உங்கள் மருமகளுக்கே கடைசி மாதம்தான் தெரியும். "அத்தை வீட்ல எதுவும் பேசமாட்டாங்க ஆன்ட்டி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அந்தச் சனிக்கிழமை நோட்டை வைத்துக்கொண்டு ஒரே ஒரு காரியம் தேடினேன். மற்றவர்கள் பக்கத்தை வாசிக்கவில்லை, அந்த மட்டுக்கும் எனக்கு மானம் வந்திருக்கிறது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பெயர் எழுதி அடிக்கோடு போடுவீர்கள். அந்தப் பெயர்களை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனேன். கிரேஸ், கிரேஸ், சரஸ்வதி, கிரேஸ். கடைசி எட்டு மாதத்துப் பக்கங்களை இரண்டு முறை பார்த்தேன். உங்கள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. உங்கள் நோய்க்கு ஒரு வரி இல்லை. பதினாறு வருஷத்தில் உங்கள் வீட்டைப் பற்றி, செத்துப்போன உங்கள் கணவரைப் பற்றி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மகனைப் பற்றி நீங்கள் எங்களிடம் ஒன்றுமே சொன்னதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கு வந்த ஆத்திரம் இதுவரை எனக்கு வந்ததில்லை. தெரிந்திருக்கிறது உங்களுக்கு! சொன்ன பேச்சு நம் கையில் இருக்காது என்று தெரிந்துதான் உங்களுடையதை இறுக்கி மூடி வைத்திருந்தீர்கள். அந்தப் புத்தியில் ஒரு சொட்டு எனக்குத் தந்திருந்தால் என்ன? ஷெரின் விஷயத்தைச் சொல்ல நான் வாயைத் திறந்தபோது, "வேண்டாம் கிரேஸ், அது பிள்ளையுடைய விஷயம்" என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

சொல்லவில்லை நீங்கள். ஆனால் வாய் என்னுடையது. இதை எழுதக் கை வரவில்லை. இரண்டு நாள் அடித்து அடித்து எழுதினேன். நீங்கள் கர்ச்சீஃப் போட்டீர்கள், உட்கார்ந்தது நான். உங்களைத் திட்டித் தீர்த்தால் என் பங்கு குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை. உங்களை மன்னிக்கச் சொல்கிறார் எங்கள் ஆயர். பார்க்கலாம். அவசரம் இல்லை.

நோட்டை ஒரு பக்கெட் தண்ணீரில் ஊறப்போட்டேன். சாயங்காலத்துக்குள் மை கலங்கிக் கூழானது. பிழிந்து குப்பையில் போட்டேன். அடுத்த திங்கட்கிழமை பெட்டியில் வங்கிக்காரி, "நோட்டு வந்துச்சா? நீங்க எழுதுங்க கிரேஸ்க்கா" என்றாள். "நோட்டு இல்ல. ஜெபிக்கலாம். பேரு மட்டும் சொல்லுங்க, விவரம் ஆண்டவருக்குத் தெரியும்" என்றேன். நர்ஸ் இருவரும் இன்னும் இரண்டு பேரும் மறுநாள் பக்கத்துப் பெட்டிக்குப் போய்விட்டார்கள். சப்பென்று ஆகிவிட்டது போலிருக்கிறது. மிச்சம் நாலு பேர் இருக்கிறோம். பத்து நிமிஷத்தில் ஜெபம் முடிந்துவிடுகிறது. அப்புறம் ஜன்னலைப் பார்க்கிறோம்.

திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். போன வாரம் இவருடைய சர்க்கரை அளவை எதிர்வீட்டு அம்மாவிடம் பாதி சொல்லிவிட்டேன். பாதியில் நாக்கைக் கடித்தேன். இவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். "மீதியையும் சொல்லிடு, பாவம், அவங்க எப்படித் தூங்குவாங்க?" என்றார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல் முறையாக இருவரும் அதற்காகச் சேர்ந்து சிரித்தோம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து ஷெரின் தனியாக வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் அதே எதிர்வீட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். "என்ன கிரேஸ், பொண்ணுக்கு ஏதாவது விசேஷம் உண்டா?" என்று அவள் எதிரிலேயே என்னைக் கேட்டார். "அவளைப் பத்தி என்னைக் கேக்காதீங்க. அவ இங்கதானே நிக்கிறா" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது. அந்த அம்மா முகம் சுருங்கி எழுந்து போனார்.

ஷெரின் சமையலறைக்கு வந்தாள். வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். மூன்று உரித்திருப்பாள். பிறகு கதவை லேசாகச் சாத்திவிட்டு, "அம்மா" என்று கூப்பிட்டு, ஒன்று சொன்னாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு, அவளாக, அவளைப் பற்றி. யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

ஆறு நாள் ஆகிறது. இவரிடம்கூடச் சொல்லவில்லை. ரயிலில் நாலு முறை நுனிநாக்கு வரை வந்தது. இந்தக் கடிதத்திலாவது எழுதிவிடு, செத்தவளிடம் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது என்று இப்போதும் கை பரபரக்கிறது. நீங்கள் தலையைச் சாய்த்துக் காத்திருப்பது எனக்குத் தெரிகிறது, அக்கா.

காத்திருங்கள். அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்றுகூட உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

கிரேஸ்